பரிசோதனை அறிக்கையில் ஐந்து தடித்த எண்கள்

கேள்வி: எனக்கு வயது 20. பதினோரு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டு வருகிறேன். கல்லூரி விடுதியில் தங்கி வேதியியல் படிக்கிறேன். போன மாதம் வழக்கமான ஆண்டுப் பரிசோதனை செய்துகொண்டேன். ரிப்போர்ட்டில் ஐந்து எண்கள் தடித்த எழுத்தில் இருந்தன: எச்பிஏ1சி 9.1, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 52, ஹீமோகுளோபின் 9.6, டிஎஸ்ஹெச் 6.4, எல்டிஎல் கொழுப்பு 126. கிரியாட்டினின் மட்டும் 0.7. தினமும் காலையில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 130, 140தான் வருகிறது. அப்படியிருக்க 9.1 எப்படி? என் சிறுநீரகம் கெட்டுவிட்டதா? “ஊசி போட்டுப் போட்டுத்தான் கிட்னி போச்சு” என்கிறார் பெரியம்மா. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். பரிசோதனைக்கு முந்தைய நாள் வாலிபால் போட்டியில் விளையாடினேன். அது முக்கியமா என்று தெரியவில்லை. இன்னொன்று: மதிய ஊசியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவேன். ஊசியை அறையிலேயே போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்குப் போவேன். வரிசை நீளமாக இருக்கும். ஒருமுறை ஆய்வகத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி ‘லோ’ ஆகிக் கை நடுங்கிக் குடுவையை உடைத்துவிட்டேன். அதிலிருந்து பயம்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களையும் உங்கள் அம்மாவையும் தூங்கவிடாமல் செய்திருப்பது 52 என்ற எண். எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியில் ‘இன்னொன்று’ என்று சேர்த்திருக்கும் வரிகள். இரண்டையும் பற்றி எழுதுகிறேன். உங்கள் பயத்துக்குப் பதில் முதலில் வர வேண்டும் என்பதால் சிறுநீரகத்திலிருந்து தொடங்குகிறேன்.

சிறுநீரில் ‘உப்பு போகிறது’ என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் ஆல்புமின் என்ற புரதத்தைத்தான். நல்ல நிலையில் உள்ள சிறுநீரகத்தின் வடிகட்டி இந்தப் புரதத்தை மிகச் சிறிதளவே வெளியே விடும். சிறுநீரில் வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் மிதமான கசிவு. உங்களுடைய 52 இந்த இரண்டாவது படியின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்துக் கசிவு இருக்கிறது என்று எந்த மருத்துவரும் முடிவு கட்டக் கூடாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் அளவு கூடியிருந்தால்தான் அது நோய்க்கான அடையாளமாகக் கணக்கில் வரும். இந்த எண் ஒரு நாளுக்கு ஒரு நாள் அந்த அளவுக்கு மாறக் கூடியது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், அன்றைக்கு இரத்தச் சர்க்கரை மிக அதிகமாக இருப்பது, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் கடுமையாக ஓடியாடி விளையாடுவது ஆகிய ஒவ்வொன்றும் அதைத் தற்காலிகமாக உயர்த்தும். முந்தைய நாள் வாலிபால் விளையாடியது முக்கியமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிகவும் முக்கியம். அந்த ஒரு வரியை ஆய்வுக்கூடத்தில் கேட்டிருந்தால், வேறொரு நாள் வரச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆகவே இதை முறைப்படி மறுபடியும் பார்க்க வேண்டும். மாதவிடாய் முடிந்து சில நாட்கள் கழித்து, இரண்டு நாட்கள் மைதானத்துக்குப் போகாமல் இருந்து, காலையில் எழுந்ததும் முதலில் கழிக்கும் சிறுநீரைக் கொடுங்கள். உங்கள் கிரியாட்டினின் 0.7 என்பது இந்த வயதுக்கு நல்ல அளவு. அதை வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் முழுமையாக இருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பி ஆல்புமின் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது. கிரியாட்டினின் ஏறத் தொடங்குவது பாதிப்பு வெகுதூரம் போன பிறகுதான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே சொல்லிவிடக் கூடியது ஆல்புமின்.

மறு பரிசோதனைகளிலும் அளவு கூடவே இருந்தால்? அப்போதும் அது சிறுநீரகச் செயலிழப்பு ஆகாது. அமெரிக்காவில் ஜாஸ்லின் சர்க்கரை நோய் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இதே மிதமான கசிவு இருந்த டைப் 1 நோயாளிகள் 386 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் 58 விழுக்காட்டினருக்குக் கசிவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8க்குக் கீழேயும், இரத்த அழுத்தமும் கொழுப்பும் குறைவாகவும் இருந்தவர்களிடம் இந்த முன்னேற்றம் அதிகமாகக் காணப்பட்டது. கசிவு உறுதியானால், சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மாத்திரை ஒன்றை உங்கள் மருத்துவர் தொடங்கக் கூடும். அந்த வகை மாத்திரைகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடியவை என்பதால், உங்கள் வயதுப் பெண்களுக்கு அதைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டியது எங்கள் கடமை. இன்று தேவைப்படாவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா சொன்னதைப் பற்றி. இந்தப் பேச்சை வெளிநோயாளர் பிரிவில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். அன்பினால் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆயினும் இது தவறு; உங்களைப் பொறுத்தவரை உயிருக்கு ஆபத்தான தவறு. நெடுங்காலம் கட்டுப்படாமல் இருந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பிறகே பல பெரியவர்களுக்கு இன்சுலின் தொடங்கப்படுவதால், பார்ப்பவர்களுக்கு ஊசி வந்தது, பிறகு கிட்னி போனது என்ற வரிசை மட்டும் கண்ணில் படுகிறது. வடிகட்டியைக் கெடுப்பது உயர்ந்த சர்க்கரை. இன்சுலின் அந்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து. மேலும் டைப் 1 நோயில் உடல் தானாக இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றுபோயிருக்கும். பாகற்காய்ச் சாறோ வெந்தயமோ அந்த இடத்தை நிரப்ப முடியாது. இன்சுலினை முழுவதுமாக நிறுத்தினால் சில நாட்களிலேயே, சிலருக்கு ஒரு நாளுக்குள்ளேயே, இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். 1922 ஜனவரியில் கனடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. பெரியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி 9.1. காலையில் 140 காட்டும்போது மூன்று மாதச் சராசரி ஏன் இவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரியான கேள்வி. இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்கின்றன. அந்தக் காலம் முழுவதும் அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒட்டியது எத்தனை விழுக்காடு என்பதுதான் எச்பிஏ1சி. 9.1 என்பது சராசரியாக 214 மில்லிகிராம் அளவு இரத்தச் சர்க்கரைக்குச் சமம். 140க்கும் 214க்கும் உள்ள இடைவெளிக்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நீங்கள் காலையில் மட்டும் பார்க்கிறீர்கள். இரவு ஊசி சரியாக வேலை செய்திருந்தால் காலை அளவு நன்றாகத்தான் இருக்கும். மதிய ஊசி போடாமல் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிறகு, மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் உங்கள் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை. சிவப்பணுக்களோ அந்த நேரத்திலும் இரத்தத்தில்தான் இருந்தன. மீட்டரில் பதிவாகாத பிற்பகல்களும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன.

இரண்டாவது, உங்கள் ஹீமோகுளோபின் 9.6. நம் ஊர்ப் பெண்களுக்கு இரத்தசோகை வரப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே காரணம். இரும்புச்சத்து குறைவாக இருக்கும்போது எச்பிஏ1சி உண்மையான சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக் கூடும். குறைவைச் சரிசெய்தால், சர்க்கரை மாறாமலேயே கூட அந்த எண் கொஞ்சம் இறங்கும். எனவே 9.1இல் ஒரு பகுதி இரத்தசோகையின் பங்காக இருக்கலாம். எவ்வளவு என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அறிய வழி இருக்கிறது: ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் சாப்பிடுவதற்கு முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், படுக்கும் முன்னும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள், ஏதேனும் இரண்டு நாள் விடியற்காலை மூன்று மணிக்கும் பாருங்கள். வசதி இருந்தால் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்றை இரண்டு வாரம் அணிந்தால் போதும். படம் முழுவதும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனையும் இருக்கிறது. அதை இரும்புச்சத்துக் குறைவு இப்படிக் குழப்புவதில்லை.

இந்த எண்ணைக் குறைப்பதில் நான் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்றால், 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 வயது முதல் 39 வயது வரையுள்ள டைப் 1 நோயாளிகள் 1,441 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், ஒரு பிரிவினரின் எச்பிஏ1சி சுமார் 9ஆகவும், மற்றொரு பிரிவினரின் அளவு சுமார் 7ஆகவும் இருந்தது. 7இல் இருந்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 விழுக்காடும், உங்களைப் போன்ற ஆல்புமின் கசிவு தொடங்கும் ஆபத்து 39 விழுக்காடும் குறைந்தன. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: 7இல் இருந்தவர்களுக்குக் கடுமையான ‘லோ’ மூன்று மடங்கு அதிகமாக வந்தது. ஆகவே உங்கள் பயத்தை நான் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். குடுவை உடைந்த அன்று நீங்கள் அனுபவித்தது உண்மையான ஆபத்து. ஆனால் அதற்குத் தீர்வு ஊசியை விட்டுவிடுவது அல்ல. அன்று ஏன் இறங்கியது என்று கண்டுபிடிப்பது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்க்கிறேன். அறையில் ஊசி போடுகிறீர்கள். மெஸ்ஸுக்கு நடந்து, வரிசையில் நின்று, தட்டு கைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது? நீங்கள் போடுவது விரைவு இன்சுலினாக இருந்தால் அது பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்; அப்படியானால் தட்டு கையில் வந்த பிறகு போடுவதே பாதுகாப்பு. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தரப்படும் ரெகுலர் இன்சுலினாக இருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அது உச்சத்தில் வேலை செய்வது இரண்டு முதல் நான்கு மணி நேரம் கழித்து. அதாவது மிகச் சரியாக உங்கள் பிற்பகல் ஆய்வக நேரத்தில். எந்த இன்சுலின் என்று நீங்கள் எழுதவில்லை. இன்சுலின் பேனாவில் உள்ள பெயரைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தது வாலிபால். நன்றாக விளையாடிய நாளில் தசைகள் இன்சுலினுக்கு அதிகமாக இணங்குகின்றன. அந்த விளைவு அன்று முழுவதும், சில நேரம் மறுநாள் வரையிலும் நீடிக்கும். விளையாடாத நாளுக்குச் சரியான அளவு, விளையாடிய நாளுக்கு அதிகமாகிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் மதிய அளவை எத்தனை யூனிட் குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு யூனிட்டை நான்காக்குவது சிகிச்சை. ஆறைச் சுழியமாக்குவது அன்றைய பிற்பகலை முழுவதுமாகச் சர்க்கரையிடம் ஒப்படைப்பது.

மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் ஊசி போடக் கூச்சம் என்பதால்தான் அறையில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். அது உண்மையானால் அறைத் தோழியிடமும் விடுதிக் காப்பாளரிடமும் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆய்வகப் பேராசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலோ ஆய்வக மேலங்கியிலோ குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு தெரிந்து மீட்டர் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். தேர்வு அறைக்குள் இவற்றை எடுத்துச் செல்ல மருத்துவச் சான்றுடன் கல்லூரி முதல்வருக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுங்கள். சிபிஎஸ்இ வாரியம் டைப் 1 மாணவர்கள் தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுவர 2017இலேயே அனுமதி அளித்துவிட்டது. உங்கள் கல்லூரியிடம் நீங்கள் கேட்பது புதிய சலுகை எதுவும் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஊசி போடும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் வயதுள்ள ஒரு மாணவன் என்னிடம் வந்தபோது, அளவு கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை ஒருநாள் 350, மறுநாள் 55 என்று தாவிக்கொண்டிருந்தது. சட்டையை உயர்த்தச் சொன்னேன். தொப்புளின் இருபுறமும் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்ற இரண்டு வீக்கங்கள். “அந்த இடத்துல போட்டா வலிக்காது டாக்டர்” என்றான். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புத் திரண்டு, உள்ளே போகும் இன்சுலின் ஒருநாள் தேங்கும், ஒருநாள் சட்டென இறங்கும். அந்த இடத்தை விட்டு வேறு இடங்களுக்கு மாறியதும், அவனுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை, குறைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படி வீக்கம் இருந்து இடம் மாற்றினால், முதல் சில நாட்கள் அளவைக் குறைத்துப் போட வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். விடுதியில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் இன்சுலினை வைத்துக் கொள்ளலாம். வெயில் படும் சன்னல் ஓரத்தில் வைத்த மருந்து வீரியம் இழந்துவிடும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். இரத்தசோகைக்கு, உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து இரும்பு மாத்திரை தொடங்குவார்கள். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தென்னிந்தியாவில் அது அபூர்வம்தான், ஆனால் டைப் 1 உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். டிஎஸ்ஹெச் 6.4 தைராய்டு சற்று மந்தமாவதைக் காட்டலாம். கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்பாற்றல் கோளாறு தைராய்டையும் தொடுவது உங்கள் நோயில் அடிக்கடி நடப்பதுதான். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4, தைராய்டு எதிர்பொருள் இரண்டையும் சேர்த்து மறுபடி பார்த்த பிறகே மாத்திரை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். எல்டிஎல் 126ஐ இப்போதைக்குத் தனியாகத் துரத்த வேண்டாம்; உயர்ந்த சர்க்கரையும் மந்தமான தைராய்டும் அதை ஏற்றும் என்பதால், அவை சரியான பிறகு பார்க்கலாம்.

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பவற்றைப் பற்றி எழுதினீர்கள். அதில் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதவில்லை. கண். ஒன்பது ஆண்டுகளாக டைப் 1 உள்ள உங்களுக்கு ஆண்டுதோறும் கண்மணியை விரிவாக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்காக எழுத்துப் பலகையைப் படிப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்து, பல மாதம் உயர்ந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், அந்தப் பாதிப்பு சில மாதங்கள் கூடுவது உண்டு. எனவே கண்ணைப் பார்த்துவிட்டு, எச்பிஏ1சியைப் படிப்படியாகக் குறைப்பதே முறை. சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். தேர்வுக்கு முந்தைய நாள் போகாதீர்கள்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளிலும் இரவு ஊசியை நிறுத்தக் கூடாது. சர்க்கரை 250க்கு மேல் இருந்து, வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இதை அறைத் தோழிக்கும் சொல்லி வையுங்கள். அந்த நிலையில் உங்களால் முடிவெடுக்க முடியாமல் போகலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பேனா, ஊசி, மீட்டர், ஒரு வாரக் குறிப்பேடு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். எனக்கு எழுதிய கடைசி வரிகளை அவரிடம் முதலில் சொல்லுங்கள். மதிய ஊசி விட்டுப்போவது தெரியாமல் 9.1ஐ மட்டும் பார்க்கும் மருத்துவர் எல்லா வேளை அளவையும் கூட்டிவிடுவார். பிறகு நீங்கள் ஒழுங்காகப் போடும் முதல் நாளே ‘லோ’ வரும். முடிந்தால் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். 0.7 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்த மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். இரண்டாவது சிறுநீர் மாதிரியின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.